செத்த ஆட்டுக்கு 6,000 ரூபாய், நாயின் ஆபரேஷனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஏழு ஏக்கர் கொரங்காடும் முப்பத்துச் சொச்சம் செம்மறியும் வைத்துப் பிழைப்பவள் நான். வயது 61. எட்டாவது வரை படித்தேன். உங்கள் பேப்பரைப் பால் சொசைட்டியில் ஓசியில்தான் படிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தெருநாய் விஷயமாக யார் யாரோ எழுதுகிறார்கள். வாயில்லா ஜீவன் என்று ஒருவர், எல்லாவற்றையும் கொன்று போடுங்கள் என்று இன்னொருவர். இரண்டு பேருமே தெருவிளக்கு உள்ள ஊரிலிருந்துதான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது. எங்கள் பக்கத்து நாய்க்குத் தெருவே கிடையாது. காடுதான்.

கொரங்காடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழையை நம்பி விட்டிருக்கும் மேய்ச்சல் நிலம் அது. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. அந்தக் கிளுவை வேலியில் ஒரு முழ இடைவெளி கிடைத்தால் நாய்க்குப் போதும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும். எங்கள் நாய் கருப்பி குரைத்த குரைப்பில் எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டி மூலையில் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்து கிடந்தன. வெளிச்சம் பட்டதும் ஆறு ஏழு நாய்கள் வேலிச் சந்து வழியாக ஓடின. விடிந்து எண்ணினால் 11 ஆடு செத்திருந்தது. தொண்டையில் கடிபட்டவை ஐந்து. மற்றவை மூலையில் நெரிந்தே மூச்சு முட்டிச் செத்தவை. ஒன்றைக்கூட நாய்கள் முழுதாகத் தின்னவில்லை. பசிக்குத் தின்றிருந்தால் ஒரு ஆடு போயிருக்கும். மிரண்டு ஓடுவதைத் துரத்தும் வெறி அது. அடுத்த வாரத்தில் இரண்டு சினை ஆடுகள் குட்டியைக் குறையாகப் போட்டுவிட்டன. அதற்குக் கணக்கு கிடையாது.

நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு அரசு முன்பு 4,000 ரூபாய் தந்தது, அதை 6,000 ஆக்கினார்கள். கோழிக்கு 200. சும்மா வந்ததல்ல இந்தப் பணம். செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்து வாங்கியது. நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். நன்றிகெட்டுப் பேசவில்லை. ஆனால் கன்னிவாடிச் சந்தையில் ஒரு நல்ல சினைச் செம்மறி பத்தாயிரத்துக்குக் குறையாது. என் 11 ஆட்டுக்கு 66,000 வரவேண்டும். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார், போட்டோ எடுத்தாயிற்று, மனுவும் கொடுத்தாயிற்று. இப்போது தை. மனு எந்த மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சரி, அது வரும்போது வரட்டும். நான் எழுத வந்தது அதற்காக இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் என் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்கிறேன்.

2019இல் எங்கள் பட்டியில் நாலு ஆடு போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் மூன்று. ஆம்பளைகள் கூடிப் பேசினார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கறியில் கலந்து வாய்க்கால் கரையில் வைப்பது என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அவர் இப்போது இல்லை, அதனால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. கறியை வெட்டிக் கொடுத்தவள் நான்தான். மறுநாள் எட்டு நாய் செத்துக் கிடந்தது. இரண்டு கீரி, ஏழெட்டுக் காக்கை. அப்புறம் எங்கள் செவலை. ஒன்பது வருஷம் எங்கள் பட்டியைக் காத்த நாய். வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாயில் நுரை, கால்களை இழுத்து இழுத்து உதைத்துக்கொண்டது. சாவதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

பாவம் புண்ணியம் இருக்கட்டும். அதனால் ஆடு பிழைத்ததா? இரண்டே மாதம். வாய்க்கால் கரை காலியாக இருந்தது, கோழிக்கழிவு கிடந்தது, எங்கிருந்தோ வேறு நாய்கள் வந்து சேர்ந்தன. பழைய நாய்களுக்காவது எங்களைத் தெரியும், அதட்டினால் நகரும். புதிதாக வந்தவற்றுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. அடுத்த வருஷமே மறுபடி ஆடு போயிற்று. நாயை விஷம் வைத்துக் கொல்வது குற்றம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

சென்னையிலும் மாநகராட்சி பல காலம் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்ததுதான், மின்சாரம் வைத்துக்கூட. குறையவில்லை என்றுதான் 1996இல் கருத்தடைக்கு மாறினார்கள். புளூ கிராஸ் என்ற பிராணி நலச் சங்கத்துக்காரர்கள் அதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் வாய்க்கால் கரைக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

செவலைக்குப் பிறகு கொண்டுவந்ததுதான் கருப்பி. பெட்டை. எல்லாரும் "பொட்டை நாய் எதுக்குங்கக்கா, வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடுமே" என்றார்கள். எட்டு மாதத்தில் ஆட்டோ வைத்து டவுனுக்குக் கொண்டுபோய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தேன். முதல் நாள் ராத்திரியிலிருந்து சோறு போடக்கூடாது என்றார்கள், பட்டினி போட்டேன். மயக்க ஊசி, அரை மணி நேரம், வயிற்றில் நாலு விரல் அகலத்துக்குத் தையல். தையலை நக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஆட்டோ வாடகையோடு 3,200 ஆயிற்று. ஆபரேஷன் செய்தால் நாய் சோம்பேறியாகிவிடும், காவல் காக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு ராத்திரி இரண்டரை மணிக்கு என்னை எழுப்பியது அந்தச் சோம்பேறிதான். அது குரைக்காமல் இருந்திருந்தால் முப்பதும் போயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு வரவேண்டிய 66,000 ரூபாயில், நான் கொடுத்த விலைக்கே இருபது பெட்டை நாய்களுக்கு ஆபரேஷன் செய்யலாம். எங்கள் ஊரில் இருபது பெட்டை இருக்குமா என்பதே சந்தேகம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ஓடிய ஆறு ஏழு நாய்களில் இரண்டை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒன்று மேற்கு வளவு வீட்டு நாய். கழுத்தில் மணி கட்டியிருக்கும். பகலில் வீட்டு நாய், ராத்திரியில் காட்டு நாய். ஐப்பசியில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் சுற்றுவட்டத்துக் கடுவன்கள் எல்லாம் அதன் பின்னால் கூடிவிடும். அப்படிக் கூடிய கூட்டம்தான் பட்டியில் நுழைகிறது. தனி நாயாக இருந்தால் ஆட்டுக்கிடாவே முட்டித் துரத்திவிடும். எங்கள் பட்டியில் அதிகம் ஆடு போனதெல்லாம் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில்தான்.

2023இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளை என் மருமகன் செல்போனில் படித்துக் காட்டினார். வீட்டில் வளர்க்கும் நாய்க்கு ஊசி, ஆபரேஷன் எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. ஆளில்லாத நாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. ஆபரேஷன் செய்து, வெறிநாய் ஊசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். நல்ல விதிதான். நகரத்தில் வண்டி வரும், வலை வீசிப் பிடிப்பார்கள். எங்கள் ஊராட்சிக்கு 2025 ஜனவரியோடு தலைவர் பதவிக்காலமே முடிந்துபோயிற்று. அப்புறம் தனி அலுவலர்தான், அவருக்கு எத்தனையோ ஊர். அவரிடம் நாய் பிடிக்கும் வண்டியைப் பற்றிக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உச்ச நீதிமன்றத்திலும் 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள், 22இல் அதை மாற்றினார்கள், நவம்பர் 7இல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் நாய் இருக்கக்கூடாது என்றார்கள். எல்லாம் சரி. அங்கிருந்து பிடித்த நாய்க்குக் காப்பகம் வேண்டும். காப்பகத்தில் இடமில்லாவிட்டால் எங்கே போகும்? எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு மினி டெம்போ வாய்க்கால் பாலத்தில் நிற்கும், கதவு திறக்கும், நாலு நாயை இறக்கிவிட்டுப் போய்விடும். ஒரு தடவை நானே பார்த்தேன். யார் அனுப்பியது என்று தெரியாது. டவுன்காரர்கள் பெட்டைக் குட்டிகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து விட்டுப் போவது தனி.

எங்கள் ஊருக்கு வலையும் வேண்டாம் வண்டியும் வேண்டாம் என்று நினைக்கிறேன். மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வருகிறார்கள் அல்லவா, முன்கூட்டியே தேதி சொல்லி, கோயில் மைதானத்துக்கு மாட்டைப் பிடித்துவரச் சொல்லி? அதே மாதிரி நாய்க்கும் ஒரு நாள் வைக்கட்டும். முக்கால்வாசி நாய்க்குச் சோறு போட ஒரு வீடு இருக்கிறது. கயிற்றைக் கட்டி இழுத்து வந்துவிடுவோம். வெறிநாய் ஊசியை நூற்றுக்கு 70 நாய்க்காவது போட்டால்தான் நோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவாவில் அப்படி ஊர் ஊராகப் போய்ப் போட்டுத்தான் வெறிநோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கிராமத்தில் அந்த 70ஐ எட்டுவது நகரத்தைவிடச் சுலபம். 1975இல் என் அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள், குன்னூரிலிருந்து வரும் மருந்து என்பார்கள். அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது கையில் நாலே தடவைதான், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். கடித்தவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவுவதை மட்டும் இன்றைக்கும் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. மிளகாய்த்தூளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஆபரேஷனைக் கோயில் மைதானத்தில் செய்யமுடியாது, அது எனக்கும் தெரியும். பழகிய டாக்டர் வேண்டும், சுத்தமான இடம் வேண்டும், செய்தபின் நாலு நாளாவது வைத்துப் பார்க்கக் கூண்டு வேண்டும். அவசரத்தில் செய்து தையல் பிரிந்து புழுவைத்துச் சாவதற்கு விஷமே மேல். ஊருக்கு ஒன்று கேட்கவில்லை. மூன்று நாலு ஒன்றியத்துக்குச் சேர்த்து ஒரு இடம் போதும். டாக்டர்களுக்கு இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொடுக்கவென்றே ஊட்டியில் ஒரு மையம் இருக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள் என்கிறார்கள். எங்கள் பக்கத்து டாக்டர்கள் போய்வர ஒரு பகல் தூரம்தான்.

பெட்டையை முதலில் எடுக்கவேண்டும். எண்ணிக்கை காட்டுவதற்காகக் கையில் சிக்கிய கடுவன்களை எல்லாம் அறுத்துக் கணக்கு எழுதினால் பிரயோஜனம் இல்லை. பத்துக் கடுவனில் ஒன்று மிஞ்சினாலும் ஊர்ப் பெட்டை எல்லாம் சினைப்படும். இந்த ஊரில் மூன்று, அந்த ஊரில் இரண்டு என்று தொட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஒரு ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊர். இதையெல்லாம் ஆடி, ஆவணிக்குள் முடிக்கவேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வருஷம் போயிற்று. அரசாங்கத்தின் வருஷம் ஏப்ரலில் ஆரம்பிக்கிறது, நாயின் வருஷம் புரட்டாசியில் ஆரம்பிக்கிறது. டெண்டர் விட்டு, ஆள் வந்து சேர்வதற்குள் மார்கழிக் குட்டிகள் கண்ணைத் திறந்திருக்கும்.

கோழிக்கடைக்காரர்களையும் விடக்கூடாது. வாய்க்கால் கரையில் கிடக்கும் குடலும் இறகும்தான் அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு. பல்லடம் பக்கம் போனால் பண்ணையில் செத்த கோழியையே மூட்டையாக ஓடையில் வீசியிருப்பார்கள். குழி வெட்டிப் புதைக்க ஒரு ஆள் கூலி ஆகுமா? பாசன வாய்க்கால் தண்ணீர் திறந்துவிட்டால் அதுவும் சேர்ந்து எங்கள் வயலுக்கு வருகிறது. இதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதமாகிவிடும்.

இந்த மார்கழிக் கடைசியில் வாய்க்கால் பாலத்தடியில் ஒரு வெள்ளைப் பெட்டை ஆறு குட்டி போட்டிருக்கிறது. போன வாரம் குனிந்து பார்த்தேன். மூன்று கடுவன், மூன்று பெட்டை. அன்று ராத்திரி வந்த கூட்டத்தில் இந்தத் தாயும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி "மருந்து வெச்சர்லாங்களா அக்கா" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தினம் ஒரு சொம்பு கஞ்சி ஊற்றுகிறேன், கைப்பழக்கம் வரட்டும் என்று. ஆறு மாதம் நிறைந்தால்தான் ஆபரேஷன் செய்யலாம் என்று விதியில் இருக்கிறதாம். ஆடி பிறக்கும்போது அந்த மூன்று பெட்டைக்கும் ஆறு மாதம் நிறைந்துவிடும். தாயோடு சேர்த்து நாலையும் பிடித்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்து தர நான் தயார். எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் கொண்டுவரவேண்டும் என்று மட்டும் சம்பந்தப்பட்டவர்கள் உங்கள் பேப்பரிலேயே சொன்னால் போதும். பால் சொசைட்டியில் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் ஒரு வாசகி,
வெள்ளகோவில் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)