அடுத்தவர் பணமும் நம் கைமுதலும்

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். உன் குரலில் இருந்த களைப்பைக் கேட்டபின், நிதானமாக எழுதுவதே நல்லது என்று விட்டுவிட்டேன். பெரிய வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார், முதலீடு போடுவதாகச் சொன்னவர்கள் கையெழுத்தைத் தள்ளிப் போடுகிறார்கள், இந்த மாதம் வேலையாட்களின் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். கட்டுவதை மட்டும் நிறுத்தி வைத்தால் சம்பளத்தைச் சமாளித்துவிடலாம் என்று உன் பங்குதாரர் சொல்கிறார், அதில் என்ன தவறு என்று கேட்டாய். தவறுதான், கண்ணு. அது ஏன் என்பதை, பனியன் கம்பெனியில் கணக்கெழுதியே காலம் கழித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

வேலையாளின் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 நீ பிடிக்கிறாய். பிடித்த கணத்திலேயே அது அவருடைய சேமிப்பாகிவிடுகிறது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை அது உன் வங்கிக் கணக்கில் தங்கியிருப்பதால் உன்னுடையது ஆகிவிடாது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் சட்டம் அதை வெறும் பாக்கியாகப் பார்ப்பதில்லை, நம்பிக்கை மோசடி என்ற குற்றமாகவே பார்க்கிறது. கெடு தாண்டிக் கட்டிய தொழிலாளர் பங்கை வருமான வரியில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் தண்டனைக்குப் பயந்து கட்டு என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கடி வரும்போது அடுத்தவர் பணம் நம் பணம்போலவே தெரியும். தொழில் நடத்துகிறவர்களுக்கு வந்த சோதனைகளில் நான் அருகிலிருந்து பார்த்தவை அநேகமாக எல்லாமே இந்த ஓர் இடத்தில்தான் வந்து நின்றன. பிடித்த வரி, பிடித்த பி.எஃப்., அயர்ன்காரருக்குத் தர வேண்டிய கூலி, சரக்கு வாங்கும் பையர் நம்மேல் வைத்த நம்பிக்கை என்று எதையெல்லாம் நாம் கைமுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விதான் அது.

இங்கே சனிக்கிழமை சம்பளம் எப்படிப் போடப்படும் என்பதைச் சிறுவயதில் நீயே பார்த்திருக்கிறாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவாகக் கவர் போகும். கடைசியில் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கூலிக்கு வேலை செய்து கொடுத்தவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது அந்தப் படியில் இருப்பவர்களுக்குத்தான், ஏனென்றால் அவர்கள் சண்டை போடமாட்டார்கள். நான்கு மெஷினை வைத்துக்கொண்டு காஜா, பட்டன் அடித்துக் கொடுக்கிறவர், அடுத்த ஆர்டர் வேண்டுமே என்று சிரித்தபடி போய்விடுவார். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வந்தது. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, எழுதாவிட்டால் 15 நாள், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்தபோது, பெரிய கம்பெனிகள் பல அலறியதை நான் கேட்டேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சின்னவர்களின் பணத்தில் வட்டியில்லாமல் தொழில் நடத்திவிட்டு அதைத் திறமை என்று சொல்லிக்கொண்டவர்களைப் பலமுறை பார்த்தவள் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணிக்கு ஆர்டர். சுருக்கம் போக அழுத்தும் காம்பேக்டிங் முடிந்து வந்த துணியைச் செக்கிங் பையன் வட்டக் கட்டரால் வெட்டி எடுத்தான். நூறு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள வில்லை அது. எடைமேடையில் அதன் எடை 1.80 கிராம் காட்ட வேண்டும். 1.68 காட்டியது, அதாவது 168 ஜி.எஸ்.எம். இன்னொரு ரோலில் வெட்டினான், அதுவும் ஏறக்குறைய அப்படியே. பையர் ஒத்துக்கொண்டது நூற்றுக்கு ஐந்து வரை, அதாவது 171-க்குக் கீழே போகக் கூடாது. சரியாக வந்திருந்த வேறொரு ரோலில் வெட்டி, பையருக்குப் போகும் மாதிரி அட்டையில் ஒட்டி அனுப்பிவிடலாம், கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்றார் ஃபேக்டரி மேனேஜர். முதலாளி அந்த வில்லையை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். அன்றிரவே உண்மையான எடையைக் குறித்துப் பையருக்கு எழுதச் சொன்னார். மறுபடி நிட்டிங், மறுபடி சாயம் என்று நாள் ஓடியதில் கப்பல் தப்பிப் போனது. சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்து அந்த சீசன் லாபத்தைத் தின்றது. அந்தப் பையர் பாராட்டவும் இல்லை. அடுத்த ஆண்டு ஆர்டரைப் பங்களாதேசத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நேர்மைக்குப் பலன் கையோடு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதே என்பதற்காகவே இதை முழுவதும் எழுதினேன். அன்று எங்களுக்குக் கிடைத்தது வேறொன்று. அதற்குப் பிறகு கெட்ட கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போக யாரும் தயங்கவில்லை. செக்கிங் பையன் பார்த்த எடையைப் பார்த்தபடியே எழுதினான், நானும் வங்கியில் இருந்த இருப்பை இருந்தபடியே சொன்னேன். அந்த அட்டையில் பொய்யான வில்லையை ஒட்டச் சொல்லி முதலாளியே சொல்லியிருந்தால், அடுத்த முறை அவருக்கே பொய்யான வில்லைதான் வந்து சேர்ந்திருக்கும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை அப்போது நான் செய்தித்தாளில் இரண்டு முறை படித்தேன். உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் முதலில் சிறிய இடைவெளிதான் இருந்தது, ஆண்டுக்காண்டு அது வளர்ந்துகொண்டே போனது என்று அவரே அதில் எழுதியிருந்தார். முடிவில் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லாத பணம்.

எல்லோரும்தானே செய்கிறார்கள் என்று உன் பங்குதாரர் சொன்னாராம். நம் ஊரே அந்த வாதத்தில் நெடுங்காலம் வாழ்ந்து பார்த்ததுதான். பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்புப் போட வேண்டும். அந்த உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்கச் செலவாகும். பக்கத்துப் பட்டறைக்காரர் அப்படியே நொய்யல் ஆற்றில் விடும்போது நான் மட்டும் செலவு செய்தால் கிலோவுக்கு என்ன கூலி கேட்பது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சாயக் கூலியைக் குறைத்துக் கேட்ட ஏற்றுமதியாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொல்லி, 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகும் தவணை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒழுங்காக நடத்த நினைத்தவர் பட்டறையும் அதில் சேர்ந்தே நின்றது. ஆற்றுத் தண்ணீரும் அடுத்தவருடையதுதான் கண்ணு. கீழே இருந்த உழவர்களுடையது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பையர்கள் ஆர்டரை நிறுத்தியபோது, கையில் இருந்த பணம் எல்லோருக்கும் போதாது. முதலாளி கட்டிங் டேபிள் மேல் ஒரு தாளை விரித்து, வங்கியில் இருப்பதையும் கொடுக்க வேண்டியதையும் என்னை எழுதச் சொன்னார். பிரிவுக்கு ஒருவரை அழைத்து நிற்கவைத்து, "இருக்கிறது இவ்வளவுதானுங்க, யாருக்கு முதலில் என்று உங்கள் முன்னாலேயே போடுகிறேன்" என்றார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருந்தவர்களின் சாப்பாடு முதல் வரி. பிறகு வாரச் சம்பளம், பிறகு ஜாப் ஒர்க். தன் வீட்டுச் செலவுக்கு எடுப்பதை அவர் எழுதவே இல்லை. பாதிச் சம்பளம் வாங்கியவர்கள்கூட அன்று முணுமுணுக்காததற்குக் காரணம், யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் கண்முன் எழுதப்பட்டதுதான் என்று நினைக்கிறேன்.

நீயும் இந்த வாரம் அப்படி ஒரு தாள் எழுது. பி.எஃப்., வேலையாட்களின் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ., பிடித்த வரி ஆகியவற்றை முதலில் எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடு. மீதியிலிருந்து சின்னச் சம்பளக்காரர்களுக்கு முழுதாகக் கொடு. நீயும் உன் பங்குதாரரும் இந்த மாதம் எடுக்க வேண்டாம். போதாவிட்டால் மற்றவர்களைச் சம்பளத் தேதிக்கு முன்பே கூப்பிட்டு, எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் சொல். தேதி கடந்தபின் சொல்வது வேறு. முதலீட்டாளர்களிடமும் வாடிக்கையாளர் பாக்கியை மறைக்காதே, அதனால் அவர்கள் விலகினாலும் சரி. உன் நிறுவனம் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு பெற்றதுதானே? அந்தப் பெரிய வாடிக்கையாளருக்கு 45 நாள் கெடுவைச் சுட்டிக்காட்டி முறையாக ஒரு கடிதம் போடு. அசையாவிட்டால் சிறுதொழில்களின் பாக்கித் தகராறுக்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் மனு கொடுக்கலாம். உறவு கெட்டுவிடும் என்று தயங்குகிறாய், புரிகிறது. ஆனால் உன் வேலையாட்களின் சேமிப்பைத் தொடுவதற்கு முன் உனக்கு வர வேண்டியதைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

அப்பா, தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித் தரலாமா என்கிறார். வாடிக்கையாளர் எந்தத் தேதியில் எவ்வளவு தருவார் என்பது எழுத்தில் வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். தாளை எழுதியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. வெள்ளிக்கிழமை இரவு இருவரும் தொலைபேசியில் வரி வரியாகப் பார்ப்போம். வேளைக்குச் சாப்பிடு, கண்ணு.

இப்படிக்கு,
அம்மா