எபிடாரஸிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் பிபியைத்தான் நீ முதலில் கேட்பாய். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. பழைய கோவில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேலே ஒதுங்க நிழலே கிடையாது. காலடியில் சுண்ணாம்புப் பாறை, எதிரே வெள்ளைப் பளிங்கு, இரண்டும் அனலைத் திருப்பி முகத்தில் அடிக்கின்றன. வெயில் இப்படி ஏறும் நாட்களில் நண்பகல் வாக்கில் மூடி மாலையில்தான் திறக்கிறார்கள். 2023 ஜூலையிலும் அதற்குப் பின் வந்த கோடைகளிலும் அப்படி மூடியிருக்கிறார்கள். அதனால் அக்கா காலை 8 மணிக்கே எங்களை உள்ளே கூட்டிப் போய்விட்டாள். பார்த்தினான் கோவிலைச் சுற்றி வந்ததும் அப்பா தலை சுற்றுகிறது என்றார். மாப்பிள்ளை கைத்தாங்கலாக இறக்கிவந்து, தெற்குச் சரிவில் நிழல் பார்த்து உட்காரவைத்து, ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். அறைக்கு வந்து பார்த்தபோது 130/80. நீ கவலைப்படாதே.

அவர் இளைப்பாறிய அந்தச் சரிவில்தான் அஸ்க்ளீபியஸ் கோவிலின் மிச்சம் இருக்கிறது. கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல் இருக்கிறதே, அது இவருடையது. கி.மு. 420 வாக்கில், இவருடைய பெரிய கோவில் இருந்த எபிடாரஸ் என்ற ஊரிலிருந்து இவரை ஏதென்ஸுக்கு அழைத்துவந்தார்களாம். மூல இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருந்தது. ஆஸ்பத்திரி நைட் டூட்டியில் அந்த நோயாளிப் பெரியவர் இறந்துபோனதையும், வீட்டுக்குப் போக மனமில்லாமல் காரிலேயே உட்கார்ந்திருந்ததையும் நீ சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

போகிற வழியில் கொரிந்து மியூசியத்தில் சுடுமண் கைகள், கால்கள், காதுகள் வரிசையாக இருந்தன. குணமானவர்கள் இதே கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை. சமயபுரத்தில் உன் கண்ணுக்காக நான் கண்மலர் செலுத்தியது போலத்தான். எந்தத் தாய் எந்தப் பிள்ளைக்காக அந்தச் சின்னக் காதைக் கொண்டுவந்து வைத்தாளோ, அதை விட்டு நகரவே எனக்கு மனம் வரவில்லை.

எபிடாரஸில் பைன் மரங்களும் சில்வண்டுச் சத்தமும்தான். எல்லோரும் நேரே நாடக அரங்கத்துக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது, 55 வரிசை சுண்ணாம்புக்கல் இருக்கைகள். பேத்தி கீழே நடுக்கல்லில் நின்று "பாட்டி" என்று கூப்பிட்டாள். மேல் வரிசைகளில் இருந்த எனக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டது போலக் கேட்டது. கீழ்ஸ்தாயி இரைச்சலை இந்த இருக்கைப் படிகள் அமுக்கிவிடுவதால் குரல் தெளிவாக மேலே வருகிறது என்று 2007இல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். உட்காரத்தான் முடியவில்லை, கல் அவ்வளவு சூடு. எனக்கு இந்த அரங்கத்தைவிட, கொஞ்சம் தள்ளி யாரும் அதிகம் நிற்காத அந்தத் தூண் வரிசைதான் பெரிதாகப் பட்டது. அபாட்டன் என்கிறார்கள். நோயாளிகள் குளித்து, பூசை முடித்து, இரவு அங்கே படுப்பார்கள். கடவுள் கனவில் வந்து மருந்திடுவார் என்று நம்பிக்கை. தூக்கம்தான் அங்கே வைத்தியத்தின் மையம்.

குணமான கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 70 இன்றும் தெரியவந்திருக்கின்றன. ஒரு கண் தெரியாத அம்புரோசியா என்ற ஏதென்ஸ்காரி இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்தாளாம். அன்றிரவு கனவில் கடவுள் வந்து கண்ணைக் கீறி மருந்து ஊற்றினார், சிரித்ததற்கு வெள்ளியில் ஒரு பன்றி செய்து வைக்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது.

ஆனால் ஒன்று என் மனதை உறுத்தியது. அந்தக் கோவில் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வந்த பௌசானியஸ் என்ற பயணி இதை எழுதியிருக்கிறார். உயிர் போகிறவர்களும் பிரசவ வலி கண்டவர்களும் வெளியே வெட்டவெளியில் கிடந்திருக்கிறார்கள். அவர் காலத்தில்தான் அந்தோனினஸ் என்ற ரோமானிய செனட்டர் அவர்களுக்காக ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். அத்தனை நூற்றாண்டுப் புகழில் என் மனம் அந்த ஒரு வீட்டில்தான் போய் நின்றது. தம்பி, குணமானவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. போனவர்களுக்குக் கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்தவர் பெயர் எதிலும் இல்லை. அந்தப் பெரியவரின் கையை நீ பிடித்துக்கொண்டிருந்தாய் என்றாயே, அதைவிடப் பெரிய வைத்தியம் அன்றிரவு வேறு எதுவும் இருந்திருக்காது. நீ தோற்றுவிட்டதாக நினைக்காதே.

அடுத்து, உன் தூக்கம். டூட்டி முடிந்து வந்ததும் போனைத் தூர வைத்துவிட்டுப் படு. சாப்பாட்டை எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்டோபரில் ஒரு வாரம் லீவு கேள். ஜூலை ஆகஸ்டில் அரங்கத்தில் இரவு நாடகம் உண்டு, ஆனாலும் பகல் வெயில் உனக்கு வேண்டாம். நாப்லியோ என்ற ஊரில் தங்கினால் எபிடாரஸ் அரை மணி நேரப் பயணம், மைசீனி என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளும் பக்கம்தான். நானும் வருகிறேன், அப்பா அக்கா வீட்டிலேயே இருக்கட்டும். லீவு தேதி தெரிந்ததும் அக்காவுக்கு மெசேஜ் போடு, டிக்கெட்டை அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அன்புடன்,
அம்மா