காலண்டருக்குக் கைதட்டல், லிஃப்டுக்கு வசை

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்ணியம் உள்ளே வந்ததால்தான் மேற்கத்திய ஐயவாதிகள் (ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவர்கள்) கூட்டம் உடைந்தது என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்க ஐயவாத வலைப்பதிவர் ரெபெக்கா வாட்சன், அமானுஷ்யப் புரட்டுகளை அம்பலப்படுத்திய மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் மாநாட்டுக்குப் பெண்கள் வந்துபோகப் பணம் திரட்ட 2005 வாக்கில் கவர்ச்சிப் படக் காலண்டர் போட்டார், விற்றது. 2010-இல் ஜென் மெக்ரைட் என்ற இன்னொரு அமெரிக்க வலைப்பதிவர். அடக்கமில்லாமல் உடுத்தும் பெண்களால்தான் நிலநடுக்கம் வருகிறது என்று ஈரான் மதகுரு ஒருவர் சொல்லப்போக, சரி, ஏப்ரல் 26 அன்று எல்லாரும் இறங்கின கழுத்துச் சட்டை போடுவோம், பூமி ஆடுகிறதா பார்க்கலாம் என்றார். (அன்றைக்கென்று தைவான் குலுங்கியது வேறு கதை, எந்த நாளும் வருகிற அளவுதான் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.) கூட்டம் கொண்டாடியது.

அப்புறம் 2011 ஜூன், அயர்லாந்தின் டப்ளினில் நாத்திகர் மாநாடு, பெரும்பாலும் இதே கூட்டம்தான். நம் ஆட்களே பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வாட்சன் மேடையில் பேசுகிறார். விடிகாலை நாலு மணிக்கு, களைப்பாக இருக்கிறது, தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹோட்டல் லிஃப்டில் ஏறினால், பின்னாலேயே ஏறிய ஒருவர், தப்பா எடுத்துக்காதீங்க, என் அறைக்குக் காபி குடிக்க வர்றீங்களா என்கிறார். ஊர் திரும்பியபின் வாட்சன் ஒரு வீடியோவில் சொன்னது, ஆண்களே, இப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான். பெயர்கூடச் சொல்லவில்லை. அதற்கு விழுந்த வசைக்கு அளவில்லை. பேர்பெற்ற நாத்திக எழுத்தாளரும் உயிரியலாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸ், இஸ்லாமிய நாட்டுப் பெண்கள் படும் பாட்டைக் காட்டிக் கேலி செய்தார். லிஃப்டில் ஒருவன் சூயிங்கம் மென்றால் எனக்கும்தான் எரிச்சல் வரும் என்றார்.

காலண்டர் போட்டவள்தானே, இப்போது என்ன முறைப்பு என்று கேட்டவர்களும் உண்டு. என் கோபமே இதில்தான். ஆதாரம் வந்தால் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று மார்தட்டுகிறவர்கள், ஒரு பெண் அனுபவப்பட்டு மாறினால் மட்டும் முரண்பாடு என்கிறார்கள். படத்தில் சிரித்தவரை, வாயைத் திறந்ததும் இவர்களுக்குப் பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை.

மெக்ரைட்டும் மாறினார். அந்த ஏப்ரல் வேடிக்கைக்குப் பிறகு பலர் தன் உடம்பைப் பற்றியே பேசியதை வெளிப்படையாக எழுதி, 2012 ஆகஸ்டில் நாத்திகத்தோடு பெண்ணியத்தையும் சமூக நீதியையும் சேர்த்து 'எதீயிசம் பிளஸ்' (நாத்திகமும் அதற்கு மேலும்) என்றார். சில வாரங்களிலேயே தொல்லை தாங்காமல் எழுத்திலிருந்து ஒதுங்கினார்.

டாக்கின்ஸ் தன் கேலிக்கு வருத்தம் தெரிவித்தது 2014 ஆகஸ்டில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்