கடலைமிட்டாய் லேபிளில் எது உன்னுடையது?

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? கடிதமும் லேபிள் படமும் வந்தன. "ஜிஎஸ்டி இருக்கு, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்கு, உத்யம் சிறுதொழில் பதிவு இருக்கு, அப்புறம் பெயர் எனக்குச் சொந்தம்தானே?" என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா. அந்த மூன்றில் எதுவும் பெயரைக் காப்பாற்றாது. பதிவு செய்யாத பெயருக்காகவும் வழக்குப் போடலாம்தான். ஆனால் அந்தப் பெயர் உன்னால்தான் சந்தையில் நின்றது என்று பில், விளம்பரம், சாட்சி எல்லாம் காட்டி நீயே நிரூபிக்க வேண்டும். டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னப் பதிவு இருந்தால் அந்தப் பாடு பெரும்பாலும் இல்லை.

உன் லேபிளைப் பார்ப்போம். கடைப் பெயர், 'ஒரிஜினல்', 'கோவில்பட்டி', 'கடலைமிட்டாய்', ஒரு மயில். இதில் 'ஒரிஜினல்' தரம் சொல்லும் சொல், 'கடலைமிட்டாய்' பண்டத்தின் பெயர், 'கோவில்பட்டி' ஊர்ப்பெயர். மூன்றையும் யாரும் தனக்கென்று கேட்க முடியாது, டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவில் நின்றுவிடும். மிஞ்சுவது கடைப் பெயரும் மயிலும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு, அதாவது ஊரோடு சேர்ந்த பொருளுக்குத் தரும் அடையாளம், கிடைத்துவிட்டதால் அந்தப் பெயருக்கு வழி வேறு. அதில் நீ அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சேர வேண்டும். அரசுக் கட்டணம் வெறும் 10 ரூபாய். புவிசார் குறியீட்டுப் பதிவகமும் டிரேட்மார்க் அலுவலகமும் சென்னை கிண்டியில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் செய். ஒன்று ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை, மற்றது உன் கடைப் பெயருக்கு வேலி.

கடைப் பெயரைத் தனிச் சொல்லாகப் போடுவதா, லேபிளாகவே போடுவதா என்று கேட்டாய். ஒன்றுக்குத்தான் காசு என்றால் சொல்லைப் போடு. லேபிளாகப் பதிந்தால் உரிமை அந்த முழுப் படத்துக்குத்தான்; அதில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தனி உரிமை வராது. மயிலைக் கிளியாக்கி, எழுத்தை மாற்றி ஒருவன் இறக்கினால் வாதாட வேண்டிவரும். பிறகு லேபிளையும் போடுவதாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் கொடு. நிறத்தைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தாத பதிவு எல்லா நிறத்துக்கும் செல்லும். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துத் தர வேண்டும்.

மனுப் போடுமுன் தேடிப் பார்க்க வேண்டும். அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம். நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான்: தங்கள் லேபிளில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டில் மட்டும் தேடிவிட்டு, யாருமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 'ழ'வை மூன்று விதமாக எழுதுகிற ஊர் இது. ஒலியை வைத்துத் தேடும் வசதியும் அதிலேயே இருக்கிறது, அதையும் பார். சாமி பெயரை ஒட்டிய பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் வகுப்புகள் மொத்தம் 45. மிட்டாய், தேன், கருப்பட்டி எல்லாம் 30. வறுத்த கடலை 29. அடுத்தவர் சரக்கையும் வாங்கி விற்கும் கடை என்றால் 35. இப்போதைக்கு 30 போதும். பின்னால் சேர்ப்பதானாலும் வகுப்புக்கு ஒரு மனுவாகவே போடு. கட்டணம் எப்படியும் வகுப்புக்கு இவ்வளவு என்றுதான். ஒரே மனுவில் கட்டினால் ஒரு வகுப்பில் வந்த சிக்கல் மற்றதையும் பிடித்து நிறுத்தும்.

மனு படிவம் டிஎம்-ஏ. இணையத்தில் போட்டால் தனிநபருக்கும் உத்யம் சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சான்றிதழுக்கென்று பிறகு தனிக் கட்டணம் கிடையாது, யாராவது போன் செய்து கேட்டால் கொடுக்காதே.

யார் பெயரில் போடுவது என்பதை உன் தம்பியோடு உட்கார்ந்து முதலிலேயே பேசி முடி. கூட்டு வியாபாரமாக இருந்தால் பங்காளிகள் எல்லார் பெயரும் மனுவில் வர வேண்டும். அண்ணன் பெயரில் மட்டும் பதிந்துவிட்டு, பாகம் பிரிக்கும்போது பெயருக்காகக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். வெளியாள் திருடுவதைவிட இதுதான் அதிகம் என்பேன்.

எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறாய் என்று கேட்பார்கள். அப்பா காலம் என்று 1980ஐ எழுதாதே. பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். கையில் உள்ள மிகப் பழைய பில் 2011 என்றால் அந்தத் தேதியைத்தான் எழுத வேண்டும். பில்லில் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், வெறும் 'மிட்டாய் 10 கிலோ' உதவாது.

மனு போட்டபின் தூங்கினால் எல்லாம் போச்சு. பரிசோதனை அறிக்கை மின்னஞ்சலில் வரும். கைக்கு வந்த 30 நாளுக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கணினி சென்டர்காரர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடாதே, உன்னுடையதையே கொடு. இணையத்தில் 'அப்ஜெக்டட்' என்று காட்டினால் பதறாதே, அது அலுவலகம் கேட்கும் கேள்வி. 'அப்போஸ்டு' என்றால்தான் வெளியாள் எதிர்க்கிறான் என்று அர்த்தம். ஏற்றுக்கொண்டால் வாராவாரம் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் பெயர் வெளியாகும். அதிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு நகல் கிடைத்தால் 2 மாதத்துக்குள் மறுப்புரை போட வேண்டும். இந்தக் கெடுவை நீட்டிக்க மாட்டார்கள். உன் பெயரைப் போலவே இன்னொருவன் கேட்டிருந்தால் எதிர்க்க அதே 4 மாதம்தான் உனக்கும். ஆகையால் ஜர்னலில் 30ஆம் வகுப்பை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இரு.

பதிவு மனுத் தேதியிலிருந்து 10 வருஷம். புதுப்பிக்க வகுப்புக்கு 9,000, இதில் சிறு நிறுவனச் சலுகை இல்லை. பதிவு கிடைக்கும்வரை பாக்கெட்டில் டிஎம் என்று மட்டும் போட்டுக்கொள். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவானபின்தான். முன்னதாகப் போடுவது சட்டப்படி தவறு. பத்தாயிரம் கவர் ஒரே தடவையில் அச்சடிக்கப் போகிறேன் என்றாயே, அச்சகத்தில் இதைச் சொல்லிவை.

பழைய பில் கட்டில் பெயர் அச்சான மூன்று, நாலை எடுத்து உத்யம் சான்றோடு அனுப்பு. தேடல் முடிவைப் பார்த்துவிட்டு மனுவை எழுதித் தருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
சிவராமன்