இந்தத் தீபாவளிக்கு உனக்குத் தனி டப்பா கிடையாது

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் நான் அளவு, சூடு என்று ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். கடிதம் என்றால் அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஆயா உன்னை மடியில் வைத்து அனா, ஆவன்னா சொல்லிக்கொடுத்தாள். எழுத்துக்கூட்டியாவது முழுதும் படித்துவிடு.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன தீபாவளிக்கு நீ சாப்பிட்ட முறுக்கு நான் செய்தது. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய். கோதுமையும் இல்லை, பால் பொருளும் இல்லை, பிள்ளை தைரியமாகச் சாப்பிடலாம் என்று நான்தான் உன் கையில் கொடுத்தேன். நீயும் எத்தனையோ நாளைக்குப் பிறகு நம் வீட்டுப் பலகாரம் என்று ஆசையாக நாலு முறுக்கு சாப்பிட்டாய். அன்று ராத்திரி நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று நாள் கஞ்சியைத் தவிர வேறொன்றும் இறங்கவில்லை. வெளியில் எங்கேயோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் எல்லோரும் நினைத்தோம். நீ கேப்டவுனுக்குப் போன மறுநாள் சாமான்களை எடுத்து வைக்கும்போது பெருங்காய டப்பா கையில் பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். கோதுமை மாவு என்று போட்டிருந்தது. கடையில் விற்கும் பெருங்காயத் தூள் பெரும்பாலும் அப்படித்தானாம். பெருங்காயம் கட்டிக்கொள்ளாமல் இருக்கவும், காரத்தைக் குறைக்கவும் மாவு கலக்கிறார்கள். இருபத்தேழு வருஷம் பேக்கரியில் மாவு மூட்டைகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு சிட்டிகை மாவு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு.

அதற்குப் பிறகு நீ "எனக்காக எதுவும் செய்யாதீங்கப்பா, நான் என் டப்பா கொண்டு வந்துக்கிறேன்" என்றாய். வருஷப் பிறப்புக்கு வந்தபோது அப்படியே கொண்டும் வந்தாய். எல்லோருக்கும் இலை போட்டிருக்க, நீ மேசை ஓரத்தில் உட்கார்ந்து அந்த நீல மூடியைத் திறந்தாய். உன் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். ஏன் போனாள் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே நீயும் சாப்பிட வேண்டும். உனக்கென்று ஒதுக்கி வைத்த ஒன்றாக அது இருக்கக் கூடாது. நீ சாப்பிடக்கூடிய ஒன்று இத்தனை ருசியா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டும்.

அதற்கு நான் எடுத்தது ஷார்ட்பிரெட், அதாவது வெண்ணெய் பிஸ்கட். அடியில் பிஸ்கட், நடுவில் பாகு, மேலே சாக்லேட் என்று மூன்று அடுக்கு. அதை ஏன் எடுத்தேன் என்றால், கோதுமையை விடுவது அதற்குத்தான் சுலபம். இது பேக்கரிக்காரனின் கணக்கு. ரொட்டிக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் உயிர். மாவைப் பிசையப் பிசைய அது ரப்பர் மாதிரி இழுபட்டு, காற்றைப் பிடித்து வைத்து, ரொட்டியை உப்ப வைக்கிறது. ஷார்ட்பிரெட்டில் அந்த இழுவை வந்துவிட்டால் பிஸ்கட் கெட்டது. அதனால்தான் மாவில் முதலில் வெண்ணெயைத் தேய்க்கிறோம். கொழுப்பு மாவுத் துகளை மூடிக்கொண்டு குளூட்டன் சேராமல் தடுக்கும். ஷார்ட் என்றாலே பேக்கரியில் நீளாமல் பொலபொலவென்று உதிர்வது என்று அர்த்தம். ஸ்காட்லாந்துக்காரர்களே கரகரப்புக்காகக் கொஞ்சம் அரிசி மாவு சேர்ப்பது உண்டு. அவர்கள் கொஞ்சம் சேர்த்ததை நான் பாதி ஆக்கினேன், அவ்வளவுதான். நம் வீட்டில் கடலை மாவில் செய்யும் நான்கட்டாயும் இதே ஜாதிதான்.

ஆனாலும் முதல் தட்டு தேறவில்லை. அரிசி மாவை மட்டும் போட்டேன். வாயில் மணலாக நெருடியது. இரண்டாவது தட்டுக்குப் பாதாம் மாவு சேர்த்து, வெண்ணெய் போடும் அதே எடைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். தட்டைச் சாய்த்தால் எண்ணெய் ஓடியது. அப்போதுதான் புத்தி வந்தது. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. பாதாமும் தன் பங்குக்கு எண்ணெய் விடும். எனவே 200 கிராம் வெண்ணெய் போகும் இடத்தில் 140 கிராம் எண்ணெய் போதும். குறைகிற தண்ணீரை வேறு வழியில் கொடுக்க வேண்டும். தண்ணீரைக் கொடுப்பதற்குப் பதில் டீயைக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. நீ அனுப்பிய ரோய்போஸ் டீ பொட்டலம் அலமாரியில் இருந்தது.

முதலில் இலையை அப்படியே மாவில் கலந்து பார்த்தேன். ஊசி ஊசியாகப் பல்லில் மாட்டியது. அது உண்மையில் தேயிலை இல்லை என்பதும் அப்புறம்தான் உறைத்தது. நம் பயறு, துவரை எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் செடி. உன் பக்கம் சீடர்பர்க் மலைகளில்தான் விளைகிறது. பச்சையாக நறுக்கி, நசுக்கி, குவித்து வைத்தால் காற்றுப் பட்டுச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பால்தான் ரோய்போஸ், அதாவது செம்புதர் என்று பேர் வந்தது. இதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கறுப்பு டீயைப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டால் கசந்து துவர்க்கும். ரோய்போஸில் அந்தத் துவர்ப்பு குறைவு, அரை மணி நேரம் கொதித்தாலும் இனிப்பு வாசம் மாறாது. பாகு காய்ச்சுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

டீ என்றதும் என் தாத்தா நினைவு வந்துவிட்டது. உனக்குக் கொள்ளுத்தாத்தா. கரும்புக்கு வந்தவர்கள் என்றுதான் நம்மை எல்லோரும் சொல்வார்கள். அவர் வந்தது தேயிலைக்கு. ஸ்டாங்கருக்குப் பக்கத்தில் கீர்ஸ்னி என்ற இடத்தில் ஹியூலட் துரை 1877இல் தேயிலை போட்டார். கிள்ளுவதற்கு நம் ஆட்கள். 1911இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றதும் தேயிலைக்குக் கை பற்றாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலையும் கரும்பாகிவிட்டது. தாத்தா கடைசி வரை டீயில் சுக்கும் ஏலக்காயும் இல்லாமல் குடித்ததில்லை. அம்மியில் அவரே தட்டிக்கொள்வார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

சரி, அளவுக்கு வருகிறேன். இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு:

அடிப் பாகத்துக்கு அரிசி மாவு 150 கிராம், பாதாம் மாவு 100, சோள ஸ்டார்ச் 50, பொடித்த சர்க்கரை 90, உப்பு கால் டீஸ்பூன். அரிசி மாவு நைஸாக இருக்க வேண்டும். சல்லடையில் இரண்டு தரம் சலித்துக்கொள். வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெய் 140 கிராம். அது கட்டியாக இருக்கும்போதே விரல் நுனியால் மாவில் தேய்த்து ரவை மாதிரி ஆக்கு. 24 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெய் உருகிவிடும். இங்கே அக்டோபரிலேயே புழுக்கம் ஆரம்பித்துவிடுகிறது, அதனால் நான் விடிகாலை ஐந்து மணிக்குச் செய்கிறேன். உனக்குக் கடல் காற்று உண்டு, பிரச்சினை இல்லை. பிறகு ரோய்போஸைத் திக்காகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தெளித்துச் சேர். பிசையாதே, பிடி கொழுக்கட்டைக்குப் பிடிப்பது போல் கையில் பிடித்தால் நிற்க வேண்டும். தட்டில் அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை. இந்த அரை மணி நேரத்தைத் தவிர்க்காதே. அரிசி மாவு அந்த நேரத்தில்தான் டீயைக் குடித்து ஊறும், மணல் நெருடல் போகும். 160 டிகிரியில் முப்பது நிமிஷம். கோதுமை மாதிரி நன்றாகச் சிவக்கும் என்று காத்திருக்காதே. ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடு. சூட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகும்.

நடுப் பாகம்தான் உயிர். ஏலக்காய் எட்டு, கிராம்பு நாலு, ஒரு விரல் நீளம் பட்டை, மிளகு ஆறு. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் முழுசாக வாங்கி வீட்டில் தட்டினேன். அரைத்து வைத்த பொடி வாங்காதே, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பெருங்காயம் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. சுக்கையும் முழுசாக வாங்கி அரை டீஸ்பூன் அளவுக்குத் தட்டிக்கொள். ஒரு டின் தேங்காய்ப் பாலில், 400 மில்லி, இவற்றையும் மூன்று மேசைக்கரண்டி ரோய்போஸையும் போட்டுச் சின்னத் தீயில் இருபது நிமிஷம் வை. தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துபோகும். துணியில் வடிகட்டி, சக்கையை நன்றாகப் பிழிந்துவிட்டு, 180 கிராம் வெல்லம் சேர்த்துக் கிளறு. முப்பது, நாற்பது நிமிஷம் ஆகும். இதற்கு நான் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. ஆயா அதிரசத்துக்குப் பார்ப்பாளே, கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெதுவாக உருண்டு வர வேண்டும், கல்லாகக் கூடாது. அதே பதம். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து மூட வேண்டும். அப்போது இரண்டு சிட்டிகை உப்புப் போட்டு, ஆறிய பிஸ்கட் மேல் ஊற்று.

இந்தப் பாகு காயும்போது வீட்டில் எழுந்த வாசனையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உள்ளே வந்து, "யார் டீ போட்டது, உங்க தாத்தா வந்தாப்ல இருக்கே" என்றாள். அவள் என் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. நான் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அந்த வாசனை தெரிந்திருக்கிறது.

மேலே டார்க் சாக்லேட் 150 கிராம், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோடு உருக்கி ஊற்று. எண்ணெய் சேர்த்தால்தான் வெட்டும்போது உடையாது. டார்க் என்று போட்டிருந்தாலும் பால் பவுடர் இருக்கலாம், பார்லி மால்ட் இருக்கலாம். பின்பக்கம் படி. பாதி இறுகியதும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து இருபத்தைந்து துண்டு போடு.

சுத்தம் பற்றி நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். பழைய சல்லடையைத் தொடவில்லை, அதன் கண்ணில் ஒட்டிய கோதுமை எத்தனை கழுவினாலும் போகாது. மரக்கரண்டி, பலகை எல்லாம் புதுசு. உனக்குள்ளவற்றில் சிவப்பு நூல் கட்டி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மாவுத் தூசி காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்று பேக்கரியில் பார்த்தவன் நான். அதனால் இந்தத் தீபாவளி வாரம் முழுக்க நம் வீட்டுக்குள் கோதுமை மாவு, மைதா எதுவும் வராது. அம்மாவும் சம்மதித்துவிட்டாள். ஜிலேபி வேண்டுமென்றால் அத்தை வீட்டில் போய்ச் சாப்பிடட்டும். முறுக்குக்குப் பெருங்காயம் போடவில்லை, சீரகமும் எள்ளும் போதும்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் தீபாவளிப் பெட்டியில் இந்த வருஷம் இதுதான் நடுவில் இருக்கும். போன வாரம் எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு நாலு துண்டு கொடுத்தனுப்பினேன். ஈத் பெருநாளுக்கு அவர்கள் அனுப்பும் பிஸ்கட்டுக்கு இந்தத் தெருவில் ஈடு கிடையாது, உனக்கே தெரியும். சாயங்காலம் காலித் தட்டோடு வந்து, "வெண்ணெய் எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். வெண்ணெயே இல்லை என்றேன். நம்பவில்லை.

இங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை இல்லை என்பது தெரியும். நீ லீவு கேட்டு வாங்க வேண்டும், 1,600 கிலோமீட்டர் வர வேண்டும். முடிந்தால் வா. முடியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி அந்த வாரம் கேப்டவுன் போகிறான், அவன் கையில் ஒரு டின் கொடுத்துவிடுகிறேன். வந்தால் அந்த நீல டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வா. உனக்கும் இலை போடுவோம்.

வரும்போது ரோய்போஸ் அரைக் கிலோ வாங்கி வா. பொடியாக அரைத்தது வேண்டாம், நீ முன்பு அனுப்பினாயே, அந்த நீள இலை. மிளகு ஆறு போதுமா, எட்டாக்கலாமா என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல். அம்மா ஆறு என்கிறாள். எனக்கு எட்டு.

அன்புடன்,
அப்பா