வேன் டயர் விஷயமாக அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய கேம்பர் வேன் படங்களில் மெத்தையும் சமையல் மேடையும் நன்றாகவே இருக்கின்றன. நான் பெரிதாக்கிப் பார்த்தது முன் டயரை. பக்கச்சுவரில் 3716 என்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 37ஆவது வாரம், அதாவது அந்தச் செப்டம்பரில் செய்த டயர். பட்டன், அதாவது சாலையில் படும் மேல்பரப்பின் கட்டைகள், அப்படியே இருக்கிறது என்று விற்றவர் சொன்னாராம், மாப்பிள்ளையும் நம்பிவிட்டாராம். பட்டன் தேயாததுதான் எனக்கு உறுத்துகிறது. ஓடாமல் நின்ற வண்டி அது.

அப்பாவின் லாரிகளுக்கு நான் கணக்கு எழுதிய காலத்தில் டயர் தேய்ந்துதான் கழியும், வயதாக அவகாசமே இராது. உங்கள் வேன் நேர்மாறு. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க மெழுகு போன்ற சரக்கைக் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிர்ந்தால்தான் அது மேற்பரப்புக்கு நன்றாக வரும். நின்றுகொண்டே இருந்தால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் பக்கச்சுவரைத் தின்னத் தொடங்கிவிடும். கட்டில், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி என்று பாரமோ இறங்குவதே இல்லை. நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ.

ஐந்து ஆண்டு கடந்த டயரை வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்தாண்டு ஆனால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்று பல டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இப்படி நின்று நின்று ஓடும் வேன்களுக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டுக்குள் மாற்றிவிடச் சொல்பவர்களும் உண்டு. வெடிப்பு எதுவும் தெரியவில்லையே என்று மாப்பிள்ளை வாதாடுவார். பட்டனுக்கு அடியிலுள்ள கம்பி அடுக்கு பிரிவது பல நேரம் வெளியே தெரியாது. சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாயில் இறங்கி, பிறகு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை பாரத்தோடு ஏறும்போது அது தெரியவர வேண்டாம்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றிவிடுங்கள். தொங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கும் வயதுதான். தள்ளுபடி என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் முதலில் அந்த நான்கு எண்ணைப் பார். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். கிடங்கில் கிடந்த பழைய சரக்குக்குப் புது விலை கொடுக்காதே. பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் பேச்சே வேண்டாம். வால்வையும் புதிதாகப் போடச் சொல். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். அந்த எடைக்குத் தகுந்த காற்றைக் காலையில் டயர் சூடேறுமுன் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் அம்மா சொன்னதாகச் சொல்லாமல் நீயே பார்த்ததாகச் சொல், மாப்பிள்ளை கேட்பார். பணம் இடித்தால் எனக்குப் போன் செய். ஏற்காடு கோடை விழாவுக்குள் முடியாவிட்டால் வேன் பெங்களூரிலேயே நிற்கட்டும், பஸ்ஸில் வந்துவிடுங்கள். புதிய பஸ் நிலையத்துக்கு அப்பா வருவார்.

அன்புடன்,
அம்மா
சேலம்