தேய்ந்த ஷாஃப்டை வெல்டிங்கிற்கு அனுப்பும் முன்: ஆலைப் பராமரிப்புப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கோவை சுற்றுவட்டார நூற்பாலைகளிலும் ஃபவுண்டரிகளிலும் பம்புத் தொழிற்கூடங்களிலும் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்முலாம் வேலை செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்துபோன ஷாஃப்டை, அதாவது எந்திரத்தின் சுழல்தண்டை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்துகூடப் பார்க்காமல் வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து வாங்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

இப்படி எழுதக் காரணம் ஒரு முறிந்த ஷாஃப்ட். ஒரு ஆலையின் புளோயர் (காற்று ஊதும் எந்திரம்) ஷாஃப்ட் அது, இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பு. பேரிங் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே சுற்றித் தேய்த்துவிட்டது என்று வெல்டிங் வைத்தார்கள், சூட்டில் வளைந்ததை நிமிர்த்தினார்கள், கடைந்து மாட்டினார்கள். சில மாதங்களில் வெல்டிங் முடியும் ஓரத்தில் அது இரண்டாகப் போயிற்று. முறிந்த முகத்தை என்னிடம் காட்டினார்கள். வெல்டிங் ஓரத்துப் புள்ளி ஒன்றிலிருந்து கரையில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப் போல வளைவு வளைவாக விரிசல் உள்ளே நகர்ந்திருந்தது. கடைசியாக அறுந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது. இ.என்.8-இல் கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம். முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்தால் பக்கத்து இரும்பு சட்டென ஆறி, கடினமாகி, நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் ஷாஃப்ட் அந்த இடத்தில்தான் விரிசல் விடுகிறது. அந்த ஷாஃப்டில் ஆரம்பத்தில் இருந்த குறை வெறும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான்.

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உதாரணமாக, 6316 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 80 மி.மீ., அகலம் 39 மி.மீ. ஷாஃப்டுக்கு, பேரிங் இறுக்கமாக உட்காருவதற்கான கே6 என்ற அளவு வரம்பு என்றால் விட்டம் 80.002-க்கும் 80.021-க்கும் இடையில் இருக்க வேண்டும். தேய்ந்தபின் 79.88 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80.01-க்குக் கொண்டுவர, சுற்றிலும் 65 மைக்ரான் கனத்துக்கு உலோகம் ஏற்றினால் போதும். நிக்கலில் இது ஆறு கிராமுக்கும் குறைவு. ஓடும் மின்சாரத்துக்கு ஏற்ப உலோகம் படியும் என்ற ஃபாரடே விதிப்படி ஏறக்குறைய ஐந்தேகால் ஆம்பியர்-மணி மின்சாரம், நடைமுறை இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆறு கிராம் உலோகத்துக்காக ஒரு ஷாஃப்டை உருகும் சூட்டுக்கு உள்ளாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதற்கான வழியை நாங்கள் பிரஷ் பிளேட்டிங் என்கிறோம். பொருளைத் தொட்டியில் முக்குவதில்லை. பஞ்சு சுற்றிய கிராஃபைட் அனோடை (நேர்மின்முனையை) கையில் பிடித்து, நிக்கல் கரைசலில் நனைத்து, மெதுவாகச் சுழலும் ஷாஃப்டின் தேய்ந்த இடத்தில் மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபுறமும் நாடா ஒட்டி மறைத்துவிடுவோம். ஓடிய ஆம்பியர்-மணியை மீட்டர் எண்ணிக்கொண்டே வருவதால் எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது என்பது தெரியும். ஷாஃப்ட் கை பொறுக்காத சூட்டுக்குப் போவதில்லை, ஆகவே வளைவதும் இல்லை. கழற்றி எடுக்க முடியாத பெரிய ரோலர்களுக்கு மின்கருவியையே ஆலைக்குள் தூக்கி வந்து செய்யலாம். பிரான்சில் 1930களின் இறுதியில் உருவான இந்த முறைக்கு, விமானத் துறையில் ஏ.எம்.எஸ். 2451 என்ற தரவிதியே இருக்கிறது. விமானச் சக்கரத் தொகுதியான லேண்டிங் கியரில் கேட்மியம் முலாம் உரிந்த இடங்களைக்கூட இதைக் கொண்டு சரிசெய்கிறார்கள்.

முலாம் உரிந்துவிட்டது என்று உங்களில் சிலர் என்னிடம் குறைபட்டிருக்கிறீர்கள். அது உண்மையான குறை. அந்தப் பொறுப்பு எங்கள் தொழிலைச் சேர்ந்தது. முலாம் பிடிப்பதும் உரிவதும் முன்தயாரிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. மின்சாரத்தால் எண்ணெய்ப்பசை நீக்கியபின் தண்ணீர் ஊற்றினால், அது எங்கும் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். பிறகு மின்சாரத்தைத் திருப்பி அரிக்கும்போது இரும்பின் கார்பன் கரும்படிவாக மேலே மிஞ்சும். இன்னொரு கரைசலால் அதை எடுத்து, பரப்பு முழுவதும் ஒரே வெளிர்சாம்பலாக வந்த பிறகே நிக்கலின் முதல் மெல்லிய படலத்தை ஏற்ற வேண்டும். அவசரத்தில் அந்தக் கருமையின் மேலேயே முலாம் ஏற்றியவர்கள் கையில்தான் அது செதில் செதிலாக வருகிறது. இதைச் செய்யும் இடத்தில் உங்கள் ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்; நேர்மையாக வேலை செய்பவர் மறுக்கமாட்டார்.

எல்லாவற்றையும் இதனால் காப்பாற்ற முடியாது. விரிசல் விட்ட ஷாஃப்டுக்கு முலாம் மருந்தாகாது. விரிசலுக்குள் சாயத்தை இறங்கவைத்துக் காட்டும் சாய ஊடுருவல் சோதனையில் ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ஷாஃப்டை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தவற்றுக்கும், சாவிப்பள்ளம் (சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) உடைந்தவற்றுக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும். முலாம் அளவை மீட்கும். இழந்த வலுவை மீட்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலின் இன்னொரு முறையான ஹார்டு குரோம் முலாமின் தொட்டிகளில் இருக்கும் ஆறிணைதிறக் (ஹெக்சாவேலன்ட்) குரோமியம் புற்றுநோய் தருவது என்பது உறுதிப்பட்ட செய்தி. நிக்கல் உப்புகளும் அந்த வகையில் நல்லவை அல்ல. எங்கள் முறைக்குச் சில லிட்டர் கரைசலே போதும் என்பதற்காக அதைச் சாக்கடையில் விடலாம் என்று பொருளில்லை. கழுவிய நீரைத் தட்டில் ஏந்தி, கேனில் அடைத்து, முறையான சுத்திகரிப்புக்கு அனுப்பியதற்கான தாளை எங்களிடம் கேட்டு வாங்குங்கள். வேலை உங்கள் ஆலைக்குள்ளேயே நடந்தால் கையுறையும் காற்றோட்டமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது வேலை ஆணையில் ஒரு மாற்றம். "வெல்டிங் வைத்துக் கடைதல்" என்று அச்சடித்து வைத்திருக்கும் வரிக்கு மேலே, தேய்ந்த அளவு, தேவையான அளவு, விரிசல் சோதனை முடிவு ஆகிய மூன்றுக்கும் கட்டம் போடுங்கள். அடுத்த முறை பேரிங்கைக் கழற்றும்போது, உட்காரும் இடத்தில் படிந்திருக்கும் செம்பழுப்புத் தூளைத் துடைத்துவிட்டு, மூன்று இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக மைக்ரோமீட்டர் வைத்து அளவை எழுதிக்கொண்ட பிறகே ஷாஃப்டை வண்டியில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
மின்முலாம் தொழிலாளி ஒருவன்,
கோவை